மதுரையில இருந்துக்கிட்டு பிரெஞ்சும் ஸ்பானிஷும் ஒண்ணா படிக்கலாமா?

கேட்டவர் பி.காம் படிக்கிறாராம், காலேஜ்ல சாயங்கால சர்டிபிகேட் கோர்ஸா பிரெஞ்சு, ஸ்பானிஷ் ரெண்டும் இருக்கு, ரெண்டுலயும் சேரவான்னு கேக்குறார். ஒரே வருஷத்துல ரெண்டும் வேணாம் தம்பி.

ரெண்டும் லத்தீன் வயித்துல பொறந்ததுதான், இத்தாலியன், போர்ச்சுகீஸ், ருமேனியன் எல்லாம் கூடப்பொறந்ததுக, அதனால ஒண்ணு தெரிஞ்சா அடுத்தது சீக்கிரம் வரும்ங்கிறது நெசம். ஆனா ரெண்டும் அரைகுறையா இருக்கும்போது ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்துக்கும். நாம குடிக்கிற பால் பிரெஞ்சுல ஆண்பால், ஸ்பானிஷ்ல பெண்பால். சாமான் எல்லாத்தையும் அஃறிணைன்னு ஒதுக்கி வச்சு வளர்ந்த நாம பாலுக்கு என்ன பால்னு ஒரு மொழியில மனப்பாடம் பண்றதே பெரும்பாடு.

சீக்கிரம் பேசணும்னா ஸ்பானிஷ். எழுதுனத அப்படியே வாசிச்சிடலாம், ஒண்ணு ரெண்டு எழுத்துதான் முரண்டு பண்ணும். வினைச்சொல் நம்மூரு மாதிரியே வாலை ஆட்டும். பேசுறேன், பேசுற, பேசுறான்னு நாம சொல்றாப்ல அப்லோ, அப்லாஸ், அப்லா. யாருன்னு தனியா சொல்லவே வேணாம், வாலே சொல்லிரும். பிரெஞ்சுல அந்த மூணும் எழுதுறப்ப வேற வேற, காதுல விழுறது ஒரே பார்ல்தான், அதனால நான், நீ, அவன்னு முன்னாடி போட்டே ஆகணும். டிக்டேஷன்ல உயிரை எடுக்கும். எண்பதுக்கு நாலு இருபதும்பாங்க, அதையும் பொறுத்துக்கணும்.

ஆனா பிரெஞ்சோட மூக்கொலிக்கு நாம பயப்படவே வேணாம். எங்க கிளாஸ்ல பாதிப்பேர் மூக்கைப் புடிச்சுக்கிட்டு திணறுனப்ப, மேடம் 'மரம்'னு வீட்டுல பேசுற மாதிரி வேகமா சொல்லுங்கன்னாங்க, சொன்னோம், உதடு ஒட்டவே இல்ல, ம் மூக்கு வழியா போயிருச்சு. அம்புட்டுத்தான்னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டாங்க.

பிளஸ் டூவுல மார்க் அள்ளலாம்னு பிரெஞ்சு எடுத்தவங்க அதை வச்சு தனக்கு பிரெஞ்சு தெரியும்னு நெனைச்சுக்காதீங்க. மீனாட்சியம்மன் கோயில் பக்கம் டிசம்பர், ஜனவரியில பிரெஞ்சுக்காரங்க கூட்டமா வருவாங்க, போய் ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க, புரிஞ்சிரும். அங்க கடைக்காரங்க சிலபேர் எந்த காலேஜுக்கும் போகாம நம்மள விட நல்லா பேரம் பேசுவாங்க.

வேலைக்குன்னா காலேஜ் சர்டிபிகேட்டை மட்டும் நம்பாதீங்க. பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஸ்பானிஷுக்கு டெலேன்னு தனிப் பரீட்சை இருக்கு, ரெண்டு சர்டிபிகேட்டும் வாழ்நாள் முழுக்க செல்லும். டெல்ஃப்ல கேக்குறது, வாசிக்கிறது, எழுதுறது, பேசுறதுன்னு நாலு பகுதி, ஒவ்வொண்ணும் 25 மார்க், மொத்தம் 50 எடுத்தா பாஸ், ஆனா எந்தப் பகுதியிலயும் 5-க்கு கீழ போகக்கூடாது. ஏ1, ஏ2, பி1, பி2ன்னு படிப்படியா லெவல் ஏறும், அடியில இருக்குற ஏ1, ஏ2 வச்சுக்கிட்டு வேலை தேடுனா கஷ்டம், பி2 வரைக்கும் போனாத்தான் கம்பெனிக்காரன் திரும்பிப் பாப்பான். கனடா ஆசைல படிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, பி.ஆருக்கு, அதாவது அங்கயே நிரந்தரமா தங்குற அனுமதிக்கு, டெல்ஃப் எடுபடாது, டெஃப் கனடா இல்லைன்னா டிசிஎஃப் கனடாங்கிற பிரெஞ்சுப் பரீட்சைதான், அந்த ரிசல்ட்டும் 2 வருஷத்துக்குத்தான்.

அதனால வெளிநாட்டு நெனப்பு இருந்தா பிரெஞ்சு, இல்லைன்னா ஸ்பானிஷ், பி1 தொட்டப்புறம் இன்னொண்ணு. ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒருநாள் அந்த கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்க விடுவாங்களான்னு கேளுங்க. ஒரு மணி நேரத்துல பசங்க வாயைத் தொறக்கவே இல்லைன்னா வேற இடம் பாருங்க.