அவள் வயலினைத் திறந்து பார்க்கட்டும்

அம்மா, போன வாரம் மகளோடு நீங்கள் வந்தபோது முதல் பத்து நிமிஷம் உங்களுக்குத் தைரியம் சொல்வதிலேயே கழித்துவிட்டேன். மதிப்பெண் போதும், எங்காவது இடம் கிடைத்துவிடும், பயப்படாதீர்கள் என்றேன். நீங்கள் போன பிறகு யோசித்தால், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவள் கேட்காத ஓர் இன்ஜினியரிங் இடத்தைக் கடன் வாங்கி எதற்காகப் பிடிக்க வேண்டும் என்றுதான் நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

பெரியப்பாவின் போனை எடுக்க நீங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அவள் என்னிடம் பேசினாள். ஏழு வருஷமாக வயலின் கற்கிறாள், மேடையில் வாசிக்க ஆசை இல்லை. ஆனால் வகுப்பில் யாருடைய பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணி, வழுக்கினாலும், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு சாய்ந்தாலும், அவளிடம்தான் கொண்டு வருகிறார்களாம். தூக்கிப்போட இருந்த ஒரு பழைய வயலினைக் கேட்டு வாங்கி, உள்ளே விழுந்து கிடந்த சவுண்ட் போஸ்ட்டை, மேல்பலகைக்கும் முதுகுக்கும் நடுவே நிற்க வேண்டிய சின்னக் குச்சியை, மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக நிறுத்தப் பார்த்திருக்கிறாள். மூன்று நாள் முடியவில்லை. நான்காம் நாள் நின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அதற்கு வழிகாட்ட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். "நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது" என்கிறார் பெரியப்பா. அந்த நாலு பேர் தவணை கட்ட வரமாட்டார்கள், அவளுக்குப் பதிலாகப் பரீட்சை எழுதவும் மாட்டார்கள். வயலின் செய்வதும் பழுது பார்ப்பதும் ஒரு வேலையா என்று அவர் கேட்டாராமே, அதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

ஒரு வயலினில் 70-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் இருக்கின்றன. மேல்பலகை ஸ்ப்ரூஸ், முதுகும் பக்கங்களும் கழுத்தும் மேப்பிள், விரல் பலகை கருங்காலி. பக்கப் பட்டைகளின் கனம் ஒரு மில்லிமீட்டர்தான். அவற்றை நனைத்து, சூடான இரும்பில் அழுத்தி வளைக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டால் முறிந்துவிடும். மேல்பலகையை உள்ளும் புறமும் குடைந்து, மூன்று மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டு வருகிறார்கள். விரலால் தட்டிக் கேட்டு, கையால் லேசாக வளைத்துப் பார்த்து, இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா, போதுமா என்று முடிவு செய்ய வேண்டும். எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

ஒட்டுவதற்கு இன்றும் வச்சிரம்தான். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் அதே பழைய பசை. சூடும் ஈரமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும். மேல்பலகையை ஒட்டும்போது வேண்டுமென்றே நீர்க்கக் காய்ச்சிப் பூசுவார்கள். காற்று உலர்ந்து மரம் சுருங்கும்போது பலகை பிளக்கக் கூடாது, ஒட்டு திறந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. திறந்த ஒட்டை மறுபடி ஒட்டிவிடலாம், பிளந்த பலகையைச் சரி செய்வது பெரும்பாடு. முன்னூறு வருஷத்துக்கு அப்புறம் யாரோ ஒருவர் இதைத் திறந்து வேலை பார்ப்பார் என்று நினைத்தே செய்கிற பொருள் இது. எனக்கு இந்தத் தொழில் மேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு அதுதான் காரணம்.

அப்படித் திறந்தவர்களால்தான் பழைய வயலின்கள் இன்று ஒலிக்கின்றன. 1737-இல் இறந்த, புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் கருவிகளில் அநேகமாக எல்லாவற்றுக்குமே பிற்காலத்தில் கழுத்தை மாற்றி, மேல்பலகையின் உட்புறம் ஒட்டியிருக்கும் பேஸ் பார் என்ற மரச்சட்டத்தையும் வலுவாக்கியிருக்கிறார்கள். அப்போதும் கழுத்தின் நுனியில் அவர் செதுக்கிய சுருளைத் தூக்கிப்போடாமல், அறுத்தெடுத்துப் புதுக் கழுத்தில் பொருத்தினார்கள். சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் விரிசல் விட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா? மேல்பலகையைக் கழற்றி, அதன் வளைவுக்கு ஒரு பிளாஸ்டர் அச்சு எடுத்துத் தாங்கக் கொடுத்து, உள்பக்கம் ஆழமில்லாத கிண்ணம் போல் குடைவார்கள். அந்தக் குழிக்குப் புது ஸ்ப்ரூஸ் துண்டைப் பொருத்த வேண்டும். குழியில் சாக்குக்கட்டிப் பொடி தடவி, துண்டை வைத்து எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும். மறுபடி வைக்க வேண்டும், மறுபடி சீவ வேண்டும். துண்டு முழுக்க வெள்ளையாக வரும்வரை இதேதான். ஒரு நாள் போகலாம், இரண்டு நாளும் போகலாம். குச்சியை நிறுத்த நான்கு நாள் உட்கார்ந்தவளுக்கு இது பொருந்தாது என்று எனக்குச் சொல்ல வராது.

முறையாகக் கற்பிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் மிட்டன்வால்ட் பள்ளி 1858-லிருந்து நடக்கிறது. இத்தாலியில் கிரெமோனா பள்ளி 1938-இல் தொடங்கியது. அந்த ஊரின் வயலின் கைத்திறனை 2012-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் நியூவார்க்கிலும் ஒரு பள்ளி உண்டு. பெரியப்பாவுக்குக் கௌரவம் வேண்டுமென்றால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் இப்போதே அங்கே பணம் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். படிப்பு மூன்று நான்கு வருஷம், மிட்டன்வால்டுக்கு ஜெர்மனும் கிரெமோனாவுக்கு இத்தாலியனும் வேண்டும், உளியும் இழைப்புளியும் தனிச் செலவு. இன்ஜினியரிங்குக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள் என்று சொல்கிற நானே, வயலினுக்காக வைக்கச் சொன்னால் அது நியாயமில்லை.

முதலில் ஒரு வருஷம் பட்டறை. பழுது பார்க்கும் ஒருவரிடம், கூலியே இல்லாவிட்டாலும், வாரம் முழுக்கப் போகட்டும். கூடவே ஏதாவது ஒரு பட்டப் படிப்பைத் தபால் வழியில் எழுதட்டும், உங்கள் மன நிம்மதிக்கு. ஆரம்பத்தில் உளி தீட்டத்தான் சொல்வார்கள். அப்புறம் பிரடைத் துளை அடைப்பது, திறந்த ஒட்டை ஒட்டுவது, வில்லுக்குக் குதிரைவால் முடி மாற்றுவது. சோறு போடுகிற வேலைகள் இவைதான். புது வயலின் செய்ய 200 மணி நேரம்கூட ஆகும், அதை விற்றுப் பிழைக்கப் பெயர் வேண்டும், பெயர் வர வருஷங்கள் ஆகும். ஆனால் தேய்ந்த முடியோடும் வழுக்கும் பிரடையோடும் மாணவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஆரம்ப வருமானம் குறைவு. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என் கணக்கில் அவளுக்கு அது தெரியும்.

அந்த ஒரு வருஷத்தில் இன்னொன்றும் தெரிந்துவிடும். அவளுக்குப் பிடித்தது இசையா, மரமா? இசை பிடித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சீவலை நாற்பது முறை எடுக்கப் பொறுமை இருக்காது. இசை மட்டும்தான் என்றால் பட்டறையை விட்டு வரட்டும், ஒரு வருஷம் வீணானது என்று யாரும் பேசக் கூடாது. மரம் என்றால், அப்போது பள்ளிக்கு விண்ணப்பிப்போம், எவ்வளவு பணம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

சரி, அடுத்த மாதம் வாருங்கள். அதற்குள் செதுக்காத மேப்பிள் குதிரைகள் நாலைந்து வாங்கிக் கொடுங்கள். விலை அதிகம் இருக்காது. அந்தப் பழைய வயலினின் வளைவில் துளியும் இடைவெளி இல்லாமல் உட்காரும்படி ஒன்றைச் செதுக்கட்டும். கெட்டுப்போனவற்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள், எனக்கு அவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரியப்பாவும் வரட்டும், போன் வேண்டாம்.