பீரியாடிக் டேபிள் மண்டைல ஏறலைன்னா கெமிஸ்ட்ரியே வேண்டாமா?

வணக்கம்மா. நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். பொண்ணு கணக்குல கெட்டி, பிசிக்ஸ் பரவால்ல, ஆனா தனிம அட்டவணை பாடம் வந்ததுலேர்ந்து கெமிஸ்ட்ரி புக்கையே தொட மாட்டேங்குறா, 118 தனிமத்தையும் எவன் மனப்பாடம் பண்றதுன்னு அழறா, அதனால கெமிஸ்ட்ரி வாடை அடிக்கிற கோர்ஸ் எல்லாத்தையும் லிஸ்ட்லேர்ந்து தூக்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. தூக்குறதுன்னா எப்ப வேணா தூக்கிக்கலாம், இப்ப அவசரப்படாதீங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அந்த 118-ஐயும் யாரும் மனப்பாடம் பண்றதில்ல. லேப்ல வேலை பாக்குறவங்க செவுத்துல மாட்டியிருக்கிறதை நிமிர்ந்து பாத்துக்குவாங்க, அவ்ளோதான். நானும் அந்தக் காலத்துல முதல் எழுத்தெல்லாம் கோத்து ஏதோ பாட்டு மாதிரி உருப்போட்டவன்தான், இப்ப பாட்டு ஞாபகம் இருக்கு, எந்த எழுத்து எந்தத் தனிமம்னு சுத்தமா ஞாபகம் இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த டேபிள் பொறந்ததே பசங்க தலைபாரத்தைக் குறைக்கத்தான். 1869-ல ரஷ்யால பீட்டர்ஸ்பர்க் யுனிவர்சிட்டில வாத்தியாரா இருந்த மெண்டலீவ், ஸ்டூடண்ட்ஸுக்குப் பாடப் புத்தகம் எழுதிட்டு இருந்தாரு, அப்போ தெரிஞ்ச தனிமம் 63, இதை எந்த வரிசைல சொல்லித் தர்றதுன்னு முழிச்சவரு அணு எடைப்படி அடுக்கி, ஒரே மாதிரி குணம் இருக்கிறது ஒண்ணு கீழ ஒண்ணு வர்ற மாதிரி வச்சுப் பாத்தாரு. சில இடத்துல பொருந்தல. அங்க இருக்கிறதை இழுத்து அடைக்காம காலியா விட்டுட்டு, இங்க ஒருத்தன் வரணும், இன்னும் யாரும் கண்டுபிடிக்கலன்னு எழுதி வச்சாரு பாருங்க, அதுதான் தில்லு. அலுமினியத்துக்குக் கீழ இருந்த காலி இடத்துக்கு அடர்த்தி 5.9 வரும்னு கணிச்சாரு. 1875-ல பிரான்ஸ்ல ஒருத்தர் அந்த இடத்துல வர வேண்டிய காலியம்ங்கிற தனிமத்தைக் கண்டுபிடிச்சு அடர்த்தி 4.7-னு சொன்னதும், தனிமத்தைக் கண்ணால கூட பாக்காத இவரு, திரும்ப அளந்து பாருங்க சார்னு எழுதுறாரு. அளந்தா 5.9! அவரு சொன்னது எல்லாமே பலிச்சுதுன்னு சொல்ல மாட்டேன், தப்பாப் போனதும் இருக்கு. டெல்லூரியம் அயோடினை விட எடை ஜாஸ்தி, ஆனாலும் குணத்தைப் பாத்து டெல்லூரியத்தை முன்னாடி வச்சாரு, ஏன்னு அவருக்கே காரணம் தெரியாது. 1913-ல மோஸ்லிங்கிற விஞ்ஞானி எக்ஸ்ரே வச்சு ஆராய்ஞ்ச பிறகுதான் வரிசையைத் தீர்மானிக்கிறது எடை இல்ல, அணு எண்தான், அதாவது அணுக்கருல இருக்கிற புரோட்டான் எண்ணிக்கைதான்னு புரிஞ்சுது.

சரி, உங்க பொண்ணு மாட்டிக்கிட்டு இருக்கிறது அனேகமா வரலாறுல இல்ல, அந்த டிரெண்ட்ஸ்ல. வலப்பக்கம் போனா அணு ஆரம், அதாவது அணுவோட சைஸ், குறையும், அயனியாக்க ஆற்றல், அதாவது ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க ஆகுற சக்தி, கூடும், கீழ போனா தலைகீழ்னு பத்து வரி. இது எல்லாமே ஒரே இழுபறிம்மா. நடுவுல அணுக்கரு எலக்ட்ரானை இழுக்குது, எலக்ட்ரான் இருக்கிற வெளிக்கூடு எவ்ளோ தள்ளி இருக்குங்கிறதுதான் கேள்வி. இடமிருந்து வலமா போனா கூடு அதேதான், அணுக்கருவோட இழுப்பு மட்டும் ஏறிட்டே போகுது, அதனால அணு சுருங்குது, எலக்ட்ரானைப் பிடுங்குறது கஷ்டமாகுது. கீழ இறங்குனா புதுக் கூடு, தூரம் ஜாஸ்தி, உள்ள இருக்கிற எலக்ட்ரான்கள் வேற மறைக்குது, அதனால சுலபமா கழண்டு வந்துடும். இந்த ஒண்ணு பிடிபட்டா பத்து வரியும் தானா வரும்.

இப்ப நான் சொல்ற பரிசோதனையைப் பண்ணுங்க. ஒரு கிராஃப் ஷீட் குடுத்து ரெண்டாவது தொடரோட, அதாவது டேபிள்ல ரெண்டாவது குறுக்கு வரிசையோட, முதல் அயனியாக்க ஆற்றலைப் போடச் சொல்லுங்க. லித்தியம் 520, பெரிலியம் 900, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2081, எல்லாம் ஒரு மோலுக்கு கிலோஜூல் கணக்கு. ஏறிட்டே போற கோடு போரான்லயும் ஆக்சிஜன்லயும் லேசா வழுக்கும். நீங்க பதில் சொல்லிடாதீங்க, சும்மா பக்கத்துல உக்காருங்க. ஏன் இங்க இறங்குதுன்னு அவளே கேட்டு, புக்கைப் புரட்டி, போரானோட கடைசி எலக்ட்ரான் கொஞ்சம் அதிக ஆற்றல்ல மேல இருக்கிற பி ஆர்பிட்டால்ங்கிற எலக்ட்ரான் அறைல உக்காந்திருக்கு, ஆக்சிஜன்ல ஒரே ஆர்பிட்டால்ல ரெண்டு எலக்ட்ரான் பேர் நெருக்கியடிச்சு ஒருத்தரை ஒருத்தர் தள்ளுறாங்கன்னு கண்டுபிடிச்சான்னா, அந்தப் பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி வராதுன்னு நான் ஒத்துக்கவே மாட்டேன். கோட்டைப் போட்டுட்டு அடுத்து என்னன்னு கேட்டாலும் தப்பில்ல, அதுவும் ஒரு பதில்தான், அப்ப கம்ப்யூட்டர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் நிம்மதியா பேசலாம்.

வேலை எங்க இருக்குன்னு கேட்டீங்க. அந்த டேபிள்ல எங்க பாத்தாலும் இருக்கு. மெண்டலீவ் காலியா விட்ட அதே காலியம்தான் நைட்ரஜனோட சேந்து இன்னிக்கு வெள்ளை எல்இடி பல்புக்குள்ள, சின்ன சைஸ் ஃபாஸ்ட் சார்ஜருக்குள்ள உக்காந்திருக்கு. அது செமிகண்டக்டர் வேலை, எலக்ட்ரானிக்ஸ் படிச்சவங்களும் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் படிச்சவங்களும் சேந்து பண்றது. மாங்கனீசுக்குக் கீழ விட்ட இடத்துல 1937-ல டெக்னீசியம் வந்துச்சு, அதோட ஒரு வடிவத்துக்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைஞ்சு போக ஆகுற நேரம், 6 மணி நேரம்தான், அதனால உடம்புக்குள்ள செலுத்தி ஸ்கேன் எடுக்க தோது, அது நியூக்ளியர் மெடிசின். லித்தியம் பேட்டரிக்கு மாத்து தேடுறவங்க நேரா அதுக்குக் கீழ இருக்கிற சோடியத்துக்குப் போறாங்க, ஒரே குடும்பம், ஆனா சோடியம் கனம், அயனியும் பெருசு, அதனால ஃபோனை விட ஒரே இடத்துல நிக்கிற பெரிய பேட்டரிக்கு அது ஒத்து வரும். டேபிளுக்கு அடியில தனியா போட்டிருக்கிற லாந்தனைடு வரிசைல பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதுக்கு சைஸ் வித்தியாசம் துளியூண்டு, அதைத் தனித்தனியா பிரிக்க கரைப்பான் வச்சு ஏகப்பட்ட கட்டமா பண்ணணும், அங்க கெமிக்கல் இன்ஜினியருக்கு மண்டை காயும், வேலையும் இருக்கும். கணக்குல கெட்டின்னு வேற சொல்றீங்க, கம்ப்யூட்டர்லயே மூலக்கூறு குணத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ற கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரின்னு ஒண்ணு இருக்கு, என்னைக் கேட்டா இவளுக்கு முதல்ல அதைத்தான் காட்டுவேன்.

ஆனா ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன், வெறும் கெமிஸ்ட்ரி டிகிரி மட்டும் முடிச்சா நல்ல ஆராய்ச்சி வேலைக்குப் பத்தாது, மேல படிக்கணும், ஆராய்ச்சின்னா பிஎச்டி வரைக்கும் இழுக்கும். அதுக்குப் பொறுமையும் வீட்டுல தாங்குற வசதியும் இருக்கான்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கோங்க. இல்லன்னா மெட்டீரியல்ஸ், கெமிக்கல் மாதிரி இன்ஜினியரிங் பக்கம் போறது எனக்குப் பாதுகாப்பா தெரியுது.

இந்த வாரக் கடைசில கிராஃப் ஷீட்டைக் குடுத்துப் பாருங்க, மார்க் பேச்சையே எடுக்காதீங்க. போரான் கிட்ட நின்னாளா, நிக்காம போயிட்டாளான்னு மட்டும் எனக்கு எழுதுங்க, காலேஜ் லிஸ்ட்டை அப்புறம் பிரிக்கலாம்.