வண்டிக்குப் பெயர் வைப்பது

வணக்கம் சார்,

நகரத்தை விட்டு ஊர்ப்புறத்துக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வாரம் முன்பு ஒரு மின்சைக்கிள் வாங்கினேன். கடைத்தெருவுக்கு ஏழு கிலோமீட்டர், அதில் பாதி மண்பாதை. இந்த வண்டியை முழுக்க எனக்கானதாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: முன்பக்கம் பெரிய கூடை, பேட்டரியிலிருந்தே ஓடும் ஹாரனும் கூடுதல் விளக்கும், சட்டத்தில் துளை போட்டு பாட்டில் மாட்டும் கொக்கி, பேட்டரிக்கு ஒரு தோலுறை, முழு வண்டிக்கும் கரும்பச்சை பெயிண்ட். பெயரும் வைக்கப்போகிறேன். புரவி, பவனி, மின்னல் ஆகிய மூன்றில் எதை வைப்பது என்று குழப்பம். வீட்டில் சிரிக்கிறார்கள். இந்த வயதில் வண்டிக்குப் பெயர் வைப்பது சிறுபிள்ளைத்தனமா? நீங்களும் இதுபோன்ற வண்டிதான் வைத்திருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

சிறுபிள்ளைத்தனம்தான், சந்தேகமே இல்லை. அதனால் என்ன? கடையெழு வள்ளல்களில் காரி ஏறிய குதிரைக்குப் பெயர் காரி, ஓரி ஏறிய குதிரைக்குப் பெயர் ஓரி. ஆளின் பெயர் குதிரைக்குப் போனதா குதிரையின் பெயர் ஆளுக்கு வந்ததா என்று பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கிடந்திருக்கிறார்கள். (அப்புறம் அந்த இருவரும் மோதிக்கொண்டதில் ஓரி செத்தும்போனான், அது வேறு கதை.) வீட்டில் சிரித்தால் இதைச் சொல்லுங்கள். இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஆனால் உங்கள் மூன்று பெயருமே எனக்குப் பிடிக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே தயாராக இருந்த பெயர்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. மின்னல் என்று பெயர் வைத்துவிட்டு, பின்னால் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு, மேட்டில் நடைவேகத்தில் ஏறும்போது உங்களுக்கே கூசும்.

என் வண்டியின் பெயர் இதோ. ஆமாம், பெயரே அதுதான். விலை குறைந்த மின்சைக்கிள்கள் பலவற்றில் இருக்கிற சென்சார் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கும், நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பெடல் கொஞ்சமாவது சுற்றினால்தான் மோட்டாருக்குச் செய்தி போகும். சமதரையில் இது ஒரு பொருட்டே இல்லை. மேட்டில் நின்று கிளம்பும்போதுதான் தெரியும், முழு எடையையும் போட்டு மிதிக்கிறோம், வண்டி ஒரு நொடி யோசிக்கிறது, பின்னால் சரியப்போகிறோம் என்று நினைக்கும்போது முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல மோட்டார் பிடிக்கிறது. முதல் ஒரு மாதம் எனக்கு அவ்வளவு எரிச்சல், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒருநாள் என் மகள் ஓட்டிப்பார்த்துவிட்டு வந்து, "கூப்பிட்டா இதோ வரேன் இதோ வரேன்னு உள்ளேயிருந்தே சொல்ற ஆள் மாதிரி இருக்குப்பா" என்றாள். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது வீட்டில் "இதோ எங்கே?" என்று கேட்டால் "அதோ" என்று பதில் வரும், விருந்தாளிகள் விழிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பெயர் வந்தபிறகு அந்தத் தாமதத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. நிறுத்தும்போதே கியரைக் குறைத்துவைக்கப் பழகிவிட்டேன், கிளம்புவது சுலபமாகிவிட்டது.

உங்கள் பட்டியலையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். வண்டியோடு நீங்கள் இன்னும் பழகவே இல்லை. ஒரு மாதம் எதையும் மாட்டாமல் ஓட்டுங்கள், எது வேண்டும் என்று பாதை சொல்லும்.

சிலவற்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு சொல்லிப் பயனில்லை. சட்டத்தில் துளை போடாதீர்கள். பெரும்பாலும் அலுமினியச் சட்டமாக இருக்கும், துளை போட்ட இடம்தான் பிற்பாடு விரிசல் விட ஆரம்பிக்கும் இடம். சுற்றி இறுக்குகிற கிளாம்ப் போதும். பேட்டரிக்குத் தோலுறை அழகாகத்தான் இருக்கும், ஆனால் லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது, உள்ளே உண்டாகும் சூடு வெளியே போகவேண்டும். நீங்களாகவே போர்வை போர்த்திவிடாதீர்கள். அப்படியே கடும் வெயிலில் நிறுத்தவும் வேண்டாம்.

ஹாரன் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. 12 வோல்ட் ஹாரன் ஒன்றை வாங்கி, என் 48 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தேன். 48 என்பது பெயருக்குத்தான், முழுக்க சார்ஜ் ஏறியிருந்தால் 54.6 வோல்ட் இருக்கும். அந்த ஹாரன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கத்தியது, ஆனால் முழு மூச்சோடு கத்தியது. இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கிற கன்வெர்ட்டர் ஒன்று வைக்கவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது ஒரு சாதாரணப் பித்தளை மணி இருக்கிறது. மின்சைக்கிளுக்கு மணி நிஜமாகவே அவசியம், சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றால் மனிதர்களும் மிரள்கிறார்கள், மாடுகளும் மிரள்கின்றன. மாட்டுக்குத் தூரத்திலேயே ஒரு தடவை அடித்துவிட வேண்டும், பக்கத்தில் போய் அடித்தால் வேறுவிதமாக முடியும்.

முன்கூடை வேண்டாம். கனம் ஹேண்டிலில் ஏறினால் மண்பாதையில் வண்டி தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். பின்கேரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குகிற பைதான் சரி, எடை எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே பொறித்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் உங்கள் இஷ்டம்.

தூரக்கணக்கு ஒன்று சொல்கிறேன், இதை நீங்களே போட்டுப்பார்க்க வேண்டும். பேட்டரியின் வோல்ட்டை அதன் ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர், அதாவது பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு. 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் என்றால் 360. நன்றாக மிதித்துக்கொண்டு நல்ல சாலையில் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட் அவர் செலவாகும், கணக்குக்கு 36 கிலோமீட்டர் வரும். மூட்டை, மேடு, எதிர்காற்று, புழுதி எல்லாம் சேர்ந்தால் 20 ஆகிவிடும், அப்போது 18 கிலோமீட்டர்தான். உங்கள் கடைத்தெரு போய்வர 14. கையிருப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. குளிரிலும் தூரம் குறையும். உறைநிலைக்குக் கீழே போகும் இடமென்றால் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதன் குளிர் விட்டபிறகுதான் சார்ஜ் போடவேண்டும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் உங்களுக்கு முதலில் தேவைப்படப்போகிறது, பஞ்சர் சாமான். மோட்டார் பின்சக்கரத்தில் இருந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலை, கம்பி இணைப்பைப் பிரிக்கவேண்டும், நட்டுக்குத் தகுந்த பெரிய ஸ்பேனர் வேண்டும். நான் கழற்றுவதே இல்லை. வண்டியைச் சாய்த்துவைத்து, முள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபில் அந்த ஒரு சாண் நீளத்தை வெளியே இழுத்து அங்கேயே ஒட்டிவிடுவேன். கால்மணிநேர வேலை. டயருக்குள் விரலை விட்டுத் தடவிப்பார்க்க மறக்காதீர்கள், முள்ளின் முனை உடைந்து உள்ளேயே இருக்கும்.

இன்னொன்று, ஸ்டாண்டு. மழை பெய்த மண்ணில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால் ஸ்டாண்டு மெதுவாகப் புதைந்து, இருபத்தைந்து கிலோவும் பொத்தென்று சாயும். உள்ளங்கை அளவுக்கு ஒரு பலகைத்துண்டில் ஓட்டை போட்டுச் சணல் கோத்து ஹேண்டிலில் கட்டிவைத்திருக்கிறேன். நிறுத்தும்போது ஸ்டாண்டுக்கு அடியில் போடுவேன், கிளம்பும்போது சணலைப் பிடித்து இழுத்துக்கொள்வேன், குனியவே வேண்டாம். என் வண்டியில் எனக்கானது என்று நான் சொல்லிக்கொள்வது இந்தப் பலகை ஒன்றைத்தான்.

பெயர் தானாக வரும். வந்ததும் எழுதத் தோன்றும், எழுதுங்கள், ஆனால் பேட்டரியின் மேல் எழுதவேண்டாம். பார்க்க அகலமாக, எழுது எழுது என்று கூப்பிடும், ஆனால் சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியபின் அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும், ஒருநாள் மாற்றவேண்டியிருக்கும், பெயரும் அதோடு போய்விடும். சட்டத்தில் எழுதுங்கள். என்னுடையதில் ஹேண்டிலுக்குக் கொஞ்சம் கீழே, ஓட்டுகிறவர் மட்டும் பார்க்கிற இடத்தில், என் மகள் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தாள். பிரேக் கேபிள் உரசி உரசி கடைசித் துணைக்கால் அழிந்துவிட்டது. இப்போது 'இதே' என்றுதான் இருக்கிறது, நான் திருத்தவில்லை.