பி.எட். கடன்: எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது?

இந்த வாரம் வந்ததில் பாதிக்கு மேல் பி.எட். சேர்க்கை பற்றிய கடிதங்கள். அதனால் மிக்ஸி, இன்வெர்ட்டர், செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் கேள்விகள் அடுத்த வாரத்துக்கு.

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு மெட்ரிக் பள்ளி ஒன்றில் 8,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறேன். பி.எட். இருந்தால் 12,000 தருவார்களாம். பக்கத்திலுள்ள சுயநிதிக் கல்லூரியில் எல்லாம் சேர்த்து 2 லட்சம் ஆகும் என்கிறார்கள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கல்விக் கடன் வாங்கிப் படிக்கலாமா? (வாசகி, தென்காசி)

பதில்: படிக்கலாம், ஆனால் அந்தக் கல்லூரியில் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 2 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிக்கிற 2 வருடம், அதற்கு மேல் 1 வருடம் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த 3 வருடமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், தனி வட்டியாக. கட்ட ஆரம்பிக்கும்போது 2 லட்சம் 2.5 லட்சமாகியிருக்கும். 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 3,300. பி.எட். முடித்ததால் உங்களுக்குக் கூடப்போகிற சம்பளம் 4,000. அதாவது 10 வருடத்துக்கு அந்தப் பட்டத்தின் பலன் வங்கிக்கு, மிச்சம் 700 ரூபாய் உங்களுக்கு. இதில் 2 வருடம் வேலையை விடுவதால் போகும் சம்பளத்தை நான் சேர்க்கவே இல்லை. மே மாதச் சம்பளம் தராத பள்ளி என்றாலும் அது 1,76,000. அப்புறம் ரெக்கார்டு நோட்டு, சார்ட், தெர்மோகோல் மாடல், யூனிஃபார்ம் புடவை, பஸ். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் மாதங்களில் சம்பளமும் கிடையாது.

"அரசு வேலை கிடைத்தால்?" என்று வீட்டில் கேட்பார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900, அதற்கு மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி. கல்லூரிக்காரர் அட்மிஷன் மேஜையில் எடுத்து வீசுகிற எண் இதுதான். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட்டில் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் ஆனால் போதாது, 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அதனால் கடன் கணக்கை 12,000-ஐ வைத்துப் போடுங்கள். 36,400 வந்தால் அது அதிர்ஷ்டம்.

உங்கள் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருப்பது உங்களுக்கே தெரியவில்லை போல. எம்.எஸ்சி.யோடு பி.எட். சேர்ந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், அதற்கு டெட் தேவையில்லை. ஆகவே பட்டம் வேண்டும், விலைதான் குறைய வேண்டும். தமிழ்நாட்டில் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன: சென்னையில் சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், வெளியே வேலூர், குமாரபாளையம், ஒரத்தநாடு, புதுக்கோட்டை, கோவை. அரசு உதவி பெறுபவை 14. இந்த இடங்கள் கலந்தாய்வு வழியாக வருகின்றன. சுயநிதிக் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒன்றுமே இல்லை. விண்ணப்பம் போடுங்கள், இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் போடுங்கள்.

கடன் வாங்கியே ஆக வேண்டுமென்றால் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் கையெழுத்து போதும். தவணை தொடங்கும் வரை அந்த 3 வருடமும் வட்டியை மட்டுமாவது கட்டிவிடுங்கள், தவணை 2,650 அளவுக்கு இறங்கிவிடும்.

கேள்வி: பி.எட். முடித்தவர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆகலாமா? (வாசகர், அரியலூர்)

பதில்: முடியாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தவர்களுக்குத்தான்.

கேள்வி: நான் டி.டி.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம்) முடித்துத் தனியார் பள்ளியில் வேலை செய்கிறேன். "கல்லூரிக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வாருங்கள்" என்று ஒருவர் சொன்னதால் வெளிமாநில பி.எட்.டுக்கு 1,10,000 ரூபாய் ஜிபே செய்தேன். ஹால் டிக்கெட் வரவில்லை, போனும் எடுப்பதில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: கல்லூரி மேல் அங்கே வழக்குப் போட்டால் நிற்காது. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டம் சொல்லும் 'சேவை'க்குள் வராது என்றுதான் இதுவரை பெரும்பாலும் தீர்ப்புகள். அந்த ஆள் மேல் மோசடிப் புகாரைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள்.

ஆனால் கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது. ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், ஒரு லட்சத்துக்கு மேல் போகிற பட்டத்தை முகம் தெரியாத ஒருவரிடம் போனிலேயே வாங்குகிறோம். 'வராமலே பி.எட்.' என்று ஒன்று கிடையவே கிடையாது. 2015-இல் படிப்பு 2 வருடமானபோது வந்த என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதியின்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். இந்த ஆள் ஒழுங்காக ஹால் டிக்கெட்டே அனுப்பியிருந்தாலும் கதை அங்கே முடிவதில்லை. நாளைக்கு அரசு வேலை கிடைத்ததும் உங்கள் சான்றிதழ் உண்மைத்தன்மை சரிபார்க்கப் போகும். கல்லூரி வருகைப் பதிவேடு நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும், அதே தேதிகளில் கிருஷ்ணகிரிப் பள்ளி உங்களுக்கு பி.எஃப். பிடித்திருக்கும். எதை நம்புவார்கள்? நிஜமாகவே பஸ் ஏறிப் போய், வகுப்பில் சாக்பீஸ் பிடித்துக் கை நடுங்கி, பிறகு பழகியவர்களின் பட்டமும் இந்த வியாபாரத்தால் மலிந்துபோகிறது. நேர்முகத்தில் "ரெகுலரா, சும்மாவா?" என்று அவர்களிடம் கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

இன்னொன்று. டி.டி.எட். முடித்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலை பி.எட். இருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். வேலையை விடாமல் முறையாகச் சேர்ந்திருக்கலாம். இனி எங்கே பணம் கட்டினாலும் அதற்கு முன்பு என்சிடிஇ இணையதளத்தில் அந்தக் கல்லூரி பெயர் இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு அனுமதி என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: பள்ளியில் சேரும்போது என் அசல் பட்டம், பி.எட். சான்றிதழ், டெட் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது விலகுகிறேன் என்றால் 3 மாதச் சம்பளம் கட்டு என்கிறார்கள். சம்பளமாக வங்கியில் 18,000 போட்டுவிட்டு மாதாமாதம் 7,000 ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். கல்விக் கடன் தவணை வேறு இருக்கிறது. (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: அம்மா, தவறு உங்கள் மேல் ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வேலை வேண்டியவர் "அசல் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எந்தப் பள்ளியில் சேர முடியும்?

சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. நோட்டீஸ் காலச் சம்பளம் உண்மையிலேயே பாக்கி என்றால் பள்ளி அதைத் தனியாகக் கேட்கட்டும். என்னென்ன சான்றிதழ்களை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு, திருப்பித் தரும்படி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. 2022 முதல் தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், சரியான ஆளுக்குப் போகட்டும். அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். அது போனதுமே பல பள்ளிகள் கவரைத் தேடி எடுத்துவிடும்.

"தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், பொய்ப் புகார் உங்கள் தலையில் விழும். அந்த 7,000-க்கு ரசீது இருக்காது, தெரியும். ஆனால் சம்பளம் ஏறிய மறுநாளே ஒவ்வொரு மாதமும் ஏடிஎம்மில் அதே 7,000 எடுத்தது பாஸ்புக்கில் இருக்குமே. பிரிண்ட் போட்டு வையுங்கள். தவணைக்கு வங்கி மேலாளரை நேரில் பார்த்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை 15 வருடம் வரை நீட்டலாம்.

கேள்வி: டெட் கோச்சிங் சென்டரில் 'வேலை உறுதி' என்று 25,000 வாங்கினார்கள். பாதிப் பாடம் நடத்திவிட்டு கிளையை மூடிவிட்டார்கள். பணம் வருமா? (வாசகி, விழுப்புரம்)

பதில்: உங்களுக்கு வழி இருக்கிறது. கோச்சிங் சென்டர் கல்லூரி அல்ல, நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். 'வேலை உறுதி' விளம்பரத்தை 2024 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்களே தடுக்கின்றன. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அந்த விளம்பர நோட்டீஸையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நான் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, ஷட்டர் பூட்டிய வாசலில் நின்றிருக்கிறேன். ரசீது கேட்கக்கூட எனக்கு அன்று தோன்றவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் சிடி செட் வாங்கிய கதையும் உண்டு, அது வேண்டாம்.

கேள்வி: கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யப் போகிறார்களாமே, தவணை கட்டாமல் காத்திருக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தேர்தல் வாக்குறுதியை வங்கி மேலாளர் ரசீதாக எடுத்துக்கொள்ள மாட்டார். கட்டுங்கள்.