எதிராளியின் நாற்காலியில் அமரும் மாணவர்கள்

கேள்வி: கல்லூரியில் சர்வதேச அரசியல் கற்பிக்கிறேன். மாணவர்களுக்கு உலகத் தலைவர்களின் பாத்திரங்களைக் கொடுத்து, இணையம் வழியே பேச்சுவார்த்தை நடத்தச் செய்யும் முறையைக் கையாள விரும்புகிறேன். அது வெறும் விளையாட்டாக முடிந்துவிடாதா?

பதில்: தயாரிப்பு இல்லாமல் தொடங்கினால் அப்படித்தான் முடியும். இம்முறை இணையத்துக்கு முன்பே தோன்றியது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில், கற்பனை நாடுகளின் ஆட்சியாளர்களாக மாணவர்களை அமரவைத்துப் பயிற்சி நடத்தினார்கள். 1980-களில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ‘ஐகான்ஸ்’ திட்டம் வெவ்வேறு ஊர்களின் மாணவர்களைக் கணினி வழியே பேச்சுவார்த்தையில் இணைத்தது.

உங்களுக்கு மிகவும் பொருந்துவது 1990-களில் மெல்பர்ன் பல்கலைக்கழகம் மத்திய கிழக்கு அரசியல் பாடத்தில் கையாண்ட முறை. அங்கு மாணவர்கள், அப்பகுதியின் அரசியலில் உண்மையிலேயே இயங்கிவந்த தலைவர்களின் பாத்திரங்களை ஏற்று, அவர்களுடைய பின்னணியையும் நோக்கங்களையும் முதலில் எழுதிப் பதிவுசெய்தார்கள். பிறகு ஆசிரியர்கள் முன்வைத்த கற்பனை நெருக்கடியை ஒட்டி, மின்னஞ்சலில் கூட்டணி தேடினார்கள், பேரம் பேசினார்கள். தமக்குப் பிடிக்காத ஒருவரின் பாத்திரம் கிடைத்த மாணவரும், அவர் ஏன் அப்படி நடக்கிறார் என்பதை உள்ளிருந்து விளக்கியாக வேண்டும். எனக்கு இம்முறையில் மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவது இதுவே.

எழுத்தில் நடப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. 1967-இல் இஸ்ரேலுக்கும் அண்டை அரபு நாடுகளுக்கும் நடந்த போருக்குப் பின் ஐ.நா. பாதுகாப்பு அவை ஒருமனதாக நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேல் வெளியேற வேண்டிய பகுதிகளைக் குறிப்பிடும் ஆங்கில வாசகத்தில் ‘தி’ (the) என்னும் சிறு சொல் இல்லை. ஆகவே எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா என்ற வாதம் எழுந்தது. பிரெஞ்சு வாசகமோ எல்லாப் பகுதிகளையும் குறிப்பதாகப் படிக்க இடம்தருகிறது. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் இதைக் குறிப்பெடுத்துக்கொண்டு மறந்துவிடுவார்கள். பதினைந்து உறுப்பினர்களில் ஒன்பது பேரின் வாக்கைத் திரட்டவும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் எவரும் தடுத்துவிடாமல் காக்கவும் தாமே ஒரு வரைவைத் திருத்தித் திருத்தி எழுதிய மாணவருக்கு, சில சொற்கள் ஏன் வேண்டுமென்றே தெளிவற்று விடப்படுகின்றன என்பது தானாகவே விளங்கும். நேருக்கு நேர் நடக்கும் விவாதத்தில் நாவன்மை உடையவர் முந்திவிடுவார். மின்னஞ்சலில், கூச்சமுள்ள மாணவருக்கும் நூலகத்துக்குச் சென்று படித்துவிட்டு மறுநாள் பதில் எழுத அவகாசம் கிடைக்கிறது.

ஆசிரியர் ஒதுங்கி நிற்க முடியாது. ஒரு நாட்டின் அமைச்சர் திடீரெனப் போர் அறிவித்தால், அந்நாட்டின் நிலைமைக்கு அது ஏற்றதா என்று கேட்டுத் தடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் பாத்திரத்தைக் களைந்துவிட்டு, தாம் எடுத்த முடிவுகளை உண்மை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பேச ஒரு வகுப்பையாவது முழுமையாக ஒதுக்குங்கள். அதைத் தவிர்ப்பதானால் பயிற்சியையே தவிர்த்துவிடலாம் என்பேன்.

கேள்வி: மதிப்பெண் எப்படி வழங்குவது?

பதில்: பேச்சுவார்த்தையில் வென்றவருக்கு அதற்காக மதிப்பெண் தராதீர்கள், சிறிய நாட்டின் பாத்திரம் பெற்றவர் தொடக்கத்திலேயே பின்தங்கியிருப்பார். தொடக்கத்தில் எழுதும் பாத்திரக் குறிப்புக்கும், இறுதியில் தம் முடிவுகளை ஆராய்ந்து எழுதும் கட்டுரைக்கும் பெரும்பகுதியை வையுங்கள்.