ஸ்டார் ட்ரெக் முதல் சீசன்: எதை முதலில் பார்ப்பது?
வாசகர் கேள்வி – பதில்

1966–67இல் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் வந்த, எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலின் கதையைச் சொல்லும் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் முதல் சீசன் பற்றிய கேள்விகள் இந்த முறை.

முதல் எபிசோடில் டாக்டர் மெக்காய் இருக்கிறார். மூன்றாவதில் வேறு யாரோ ஒரு வயதான டாக்டர். கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் நீலத்துக்குப் பதில் மஞ்சள் சட்டையில் நிற்கிறார். சிவப்புச் சட்டை ஒருவரிடமும் இல்லை. டிஸ்க்கில் வரிசை மாறிவிட்டதா சார்?

டிஸ்க் சரியாகத்தான் இருக்கிறது. சீட்டுக்கட்டைக் கலைத்தது சேனல். 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பான 'தி மேன் ட்ராப்', படமெடுத்த வரிசையில், பின்னால் சொல்லும் இரண்டு மாதிரி எபிசோடுகளையும் சேர்த்து, ஆறாவது. (கனடாவில் சி.டி.வி. இரண்டு நாள் முந்திக்கொண்டு 6ஆம் தேதியே போட்டுவிட்டது.) நீங்கள் மூன்றாவதாகப் பார்த்த 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்' 1965 ஜூலையில் எடுத்த பைலட், அதாவது சேனலுக்குக் காட்டுவதற்கான மாதிரி எபிசோடு. அதுவும் இரண்டாவது பைலட். கேப்டன் பைக்கை நாயகனாக வைத்து எடுத்த முதல் பைலட் 'தி கேஜ்', மூளைக்கு ரொம்ப வேலை வைக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டது.

இரண்டாவது பைலட் தேறிய பிறகுதான் ஆட்களும் உடைகளும் மாறின. டாக்டர் பைப்பர் போய் மெக்காய் வந்தார். அதில் இயற்பியல் விஞ்ஞானியாக இருந்த சூலு, கப்பலோட்டியாகி சுக்கான் பக்கம் உட்கார்ந்தார். ஆகவே மூன்றாவது எபிசோடு என்பது உண்மையில் ஓராண்டுக்கும் மேல் பழைய சரக்கு.

வரிசையைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவின் உடை. அவர் மஞ்சளில் இருந்தால் சீசனின் ஆரம்பத்தில் எடுத்தது: 'தி கார்போமைட் மனூவர்', 'மட்ஸ் விமன்'. சிவப்புக்கு மாறிவிட்டால் அதற்குப் பிந்தையது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கப்பலின் எஞ்சினுக்கு 'லித்தியம் படிகம்' என்றால் பழையது. 'டைலித்தியம்' பிறகு வந்த பெயர். லித்தியம் நிஜமான தனிமம், நாளைக்கே எவராவது குறுக்குக்கேள்வி கேட்கலாம். டைலித்தியம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் எந்த வரிசையில் பார்ப்பது?

எடுத்த வரிசையில் பாருங்கள். 'வேர் நோ மேன்…', 'கார்போமைட்', 'மட்ஸ் விமன்', 'தி எனிமி விதின்', 'தி மேன் ட்ராப்', 'தி நேக்கட் டைம்', 'சார்லி எக்ஸ்', 'பேலன்ஸ் ஆஃப் டெரர்'. இந்த எட்டையும் முடித்தபின் மீதியை ஒளிபரப்பு வரிசையிலேயே பார்த்தாலும் பழுதில்லை. 'தி கேஜ்' வேண்டுமானால் 'தி மெனாஜரி' இரண்டு பாகங்களும் முடிந்தபிறகு. அதன் காட்சிகளை வெட்டித்தான் அந்த இரண்டு பாகங்களையும் ஒட்டியிருக்கிறார்கள். முன்பே பார்த்துவிட்டால் பாதிச் சுவை போய்விடும்.

'கார்போமைட்' தொடருக்கென்று எடுத்த முதல் எபிசோடு, 1966 மே மாதம். பத்தாவதாக நவம்பர் 10இல்தான் வந்தது. காரணம் தந்திரக் காட்சிகள். சுழலும் கனசதுரம், ராட்சதக் கோளமாக வரும் ஃபெசாரியஸ், நடுவில் எண்டர்பிரைஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஃபிலிம். அவற்றை ஆப்டிகல் பிரிண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து ஒரே படமாக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வேலை முடியும் வரை சேனல் காத்திருக்குமா? கையில் தயாராக இருந்ததை, ஒரு கிரகமும் ஒரு பூதமுமாக நேரடியாகக் கதை சொன்ன 'மேன் ட்ராப்'பை, முன்னால் தள்ளினார்கள். எங்களைக் கேட்டால் 'கார்போமைட்'டே முதலில் வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் இருக்கையில் என்ன வேலை பார்க்கிறார் என்பது அதில் தானாகவே விளங்கிவிடுகிறது.

கேப்டன் சொல்லும் ஸ்டார்டேட்டை, அதாவது கதைக்குள் வரும் தேதி எண்ணை, வைத்து வரிசைப்படுத்தலாமா?

ஆரம்ப எபிசோடுகளில் ஓரளவு முடியும். 'வேர் நோ மேன்…' 1312.4, 'மட்ஸ் விமன்' 1329.8, 'கார்போமைட்' 1512.2, 'மேன் ட்ராப்' 1513.1. பிறகு கணக்கு உதைக்கும். டிசம்பர் 29இல் வந்த 'ஷோர் லீவ்' 3025.3. அடுத்த வாரம் 'கலிலியோ செவன்' 2821.5. அதற்கடுத்த வாரம் 'ஸ்க்வயர் ஆஃப் காதோஸ்' 2124.5. காலம் பின்னோக்கி நடக்கிறது.

'எனிமி விதின்' எபிசோடில் சூலுவும் மற்றவர்களும் கிரகத்தில் குளிரில் உறைகிறார்கள். சிறு விண்கலம் ஒன்றை அனுப்பி ஏற்றிக்கொள்ளலாமே?

நியாயமான கேள்வி. அனுப்பக் கலம் இல்லை. கதையில் மட்டுமல்ல, ஸ்டூடியோவிலும் இல்லை.

ஆளைக் கப்பலிலிருந்து கிரகத்துக்கு நொடியில் அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் இயந்திரம் பிறந்ததே சிக்கனத்தால்தான். வாராவாரம் இவ்வளவு பெரிய கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைக் காட்டினால் பட்ஜெட் தாங்காது. ஆளை மினுமினுப்பாக மறையவைத்து அங்கே தோன்றவைத்தால் செலவு கொஞ்சம், கதையும் ஓடும். அந்த மினுமினுப்பு அலுமினியத் தூள். கருப்புப் பின்னணியில் பளீரென்று விளக்கடித்துத் தூளை உதிரவிட்டுப் படமெடுத்து, ஆளின் உருவத்துக்குள் மட்டும் அதைப் பதித்தார்கள்.

'எனிமி விதின்' அந்த இயந்திரம் பழுதானால் என்ன ஆகும் என்பதையே கதையாக்கிக்கொண்டது. ஒருவரின் உடையில் ஒட்டிவந்த காந்தத் தன்மையுள்ள தாதுவால் டிரான்ஸ்போர்ட்டர் கெடுகிறது. அடுத்து அதில் வரும் கேப்டன் கிர்க் நல்லவன், கெட்டவன் என இரண்டாகப் பிரிகிறார். கீழே இரவில் குளிர் மைனஸ் 120 டிகிரி. ஹீட்டர் அனுப்பிப் பார்க்கிறார்கள், அதுவும் இரண்டாகி வேலை செய்யாமல் போகிறது. வேறு வழியில்லாமல் சூலு ஃபேசர் என்ற கதிர்த் துப்பாக்கியால் பாறையைச் சுட்டுச் சூடேற்றிக் குளிர் காய்கிறார். கலம் ஒன்று இருந்திருந்தால் இந்தக் கதையே எழுந்திருக்காது.

பிறகு ஏ.எம்.டி. என்ற பொம்மை மாடல் கம்பெனி, கப்பலின் பிளாஸ்டிக் மாடல்களை விற்கும் உரிமைக்காக, ஆள் ஏறும் அளவிலான விண்கலத்தைத் தன் செலவில் செய்துகொடுத்தது. அதை வைத்து முதலில் எடுத்தது 'கலிலியோ செவன்'. ஆனால் திரையில் முதலில் வந்தது 'மெனாஜரி'யில், நவம்பர் 17.

ஸ்பாக் தோளைப் பிடித்து அழுத்தி ஆளை மயக்கும் பிடியும் 'எனிமி விதின்'னில்தான் முதலில் எடுக்கப்பட்டது. ஸ்கிரிப்ட்டில் இருந்தது பின்மண்டையில் ஓர் அடி. ஸ்பாக் அப்படி அடிக்கிற ஆள் இல்லை என்று சொல்லிப் பிடியை யோசித்தவர் நடிகர் லெனார்டு நிமாய்.

ஒரே எபிசோடில் கப்பலின் எஞ்சின் முனையில் ஒரு காட்சியில் ஊசி இருக்கிறது, அடுத்ததில் இல்லை. கப்பலும் எப்போதும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகிறது. ஏன்?

நல்ல கண். கப்பலை வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். பெரிய மாடல் சுமார் 11 அடி நீளம். பைலட்டுகளின்போது இரு எஞ்சின்களின் முன்முனையிலும் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. தொடர் உறுதியானதும் ஊசியை எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் குமிழ் மாட்டி, உள்ளே விளக்குகள் சுழல வைத்தார்கள். பழைய காட்சிகளைத் தூக்கி எறிய மனமில்லை. பணம் போட்டு எடுத்ததாயிற்றே! புதிய எபிசோடுகளிலும் செருகினார்கள். ஆகவே ஊசி தெரிந்தால் அது பைலட் காலத்து ஷாட்.

விளக்கு போட்டதால் வந்த வினைதான் ஒரே பக்கம். வயர்களெல்லாம் இடப்பக்கமாக உள்ளே போகின்றன. அதனால் கேமரா வலப்பக்கத்திலேயே நின்றது. கப்பலைச் சுற்றிச் சில ஷாட்டுகளில் கருங்கோடு தெரிவதும் தவறு உங்கள் டிவியில் இல்லை. நீலத்திரைக்கு முன் எடுத்த கப்பலை வெட்டி நட்சத்திரங்களின்மேல் ஒட்டும்போது, வெட்டும் வார்ப்பு இம்மி விலகினாலும் விளிம்பில் கோடு விழும். மாடல் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிர்க் உடை தைக்க வேண்டும். துணி மஞ்சளா, பச்சையா?

திரையில் பார்ப்பது போல வேண்டுமானால் மங்கிய தங்க மஞ்சள். அசல் போல வேண்டுமானால் எலுமிச்சைப் பச்சை. உடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸ் எடுத்தது வெல்வெட் போன்ற வெலூர் துணி, பச்சை நிறத்தில்தான். ஸ்டூடியோ விளக்கிலும் ஃபிலிமிலும் அது மஞ்சளாக விழுந்தது. குறுக்கே மடித்துக் கட்டும் இன்னொரு சட்டை வேறு துணி, அதனால் பச்சையாகவே தெரிகிறது.

வெலூர் வாங்கினால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். படப்பிடிப்பில் ஒவ்வொரு சலவைக்கும் சட்டை சுருங்கியது. மூன்றாவது சீசனில் நைலானுக்கு மாறியதற்கு அதுவே காரணம். துண்டுகள் எல்லாவற்றிலும் இழை ஒரே திசையில் படிய வேண்டும். மாற்றி வெட்டினால் ஒரே துணியே இரண்டு நிறமாகத் தெரியும். கேப்டனுக்கு மணிக்கட்டில் இரண்டு முழுப் பட்டைகள், நடுவே விட்டுவிட்டு வரும் ஒன்று.

புது கிராஃபிக்ஸ் பதிப்பு நல்லதா, பழையதா?

2006இலிருந்து கப்பல், கிரகக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். புளூ-ரேயில் பழையது, புதியது இரண்டும் இருக்கிறது, மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவைக்குப் பழையதே. நாம் மேலே சொன்ன ஊசியும் கருங்கோடும் அதில்தான் கிடைக்கும். படம் 4க்கு 3 விகிதத்தில் இருக்க வேண்டும், இருபுறமும் கருப்புப் பட்டை விழுவது சரிதான். கிரகம் உருண்டையாக இல்லாமல் இட்லி மாதிரி தெரிந்தால் டிவி இழுத்துக் காட்டுகிறது. பட அளவு செட்டிங்கை மாற்றுங்கள். ஒரு எபிசோடு சுமார் 50 நிமிடம் ஓட வேண்டும். 45க்குள் முடிந்தால் விளம்பரத்துக்காக வெட்டிய பிரதி.

டாக்டர் மெக்காயின் கருவிகள் உப்பு ஜாடி என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 'மேன் ட்ராப்' பூதத்துக்கு உப்புதான் உணவு. அதற்காக விதவிதமாக, நவீனமாக உப்பு ஜாடிகள் வாங்கினார்கள். பார்ப்பவருக்கு அது உப்பு ஜாடி என்றே புரியாது என்ற பயம் வந்தது. சாதாரண ஜாடியைக் காட்சியில் வைத்துவிட்டு, நவீன ஜாடிகளை டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

'வேர் நோ மேன்…' எபிசோடில் கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கிறது. அவர் ஜேம்ஸ் டி. அல்லவா?

அந்தக் கல்லைச் செய்தபோது 'டி' இன்னும் முடிவாகவில்லை. பிறகு கல்லைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை.