பழைய பம்ப் ஏர் ரைபிள் எந்த ஆண்டுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காற்று நிற்காவிட்டால் சரிசெய்ய முடியுமா?

மாமனார் விட்டுச்சென்ற அமெரிக்க ஏர் ரைபிள் ஒன்று அலமாரியில் கிடைத்தது, வயது தெரியவில்லை, பம்ப் செய்தால் காற்று நிற்பதில்லை, வந்த விலைக்குக் கடையில் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்; மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

நான் துப்பாக்கிக் கடைக்காரன் அல்ல. சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு என்னிடம் எதுவும் இல்லை. "இதைச் சொல்ல இவன் யார்?" என்று கிளம்புகிறவர்களுக்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பழைய பம்ப் ரைபிள் ஒன்றை என் கையால் பிரித்துச் சரிசெய்து, இன்றும் அதில் சுட்டுக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகைப் பம்ப் என்று நீங்கள் எழுதவில்லை. டெய்சி நிறுவனத்தின் 25ஆம் மாடல் போன்றவற்றில் முன்பிடியை ஒருமுறை பின்னுக்கு இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். காற்றைச் சேமிக்கும் வேலையே அதில் கிடையாது. அது 1914 முதல் 1978 வரை தயாரிக்கப்பட்டது. குழலில் மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் என்ற ஊர்ப்பெயர் இருந்தால் 1958க்கு முந்தையது என்றும், ஆர்கன்சா மாநிலத்து ரோஜர்ஸ் என்றிருந்தால் அதற்குப் பிந்தையது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். நிறுவனம் இடம் மாறிய ஆண்டு அது. ஆனால் "காற்று நிற்பதில்லை" என்கிறீர்களே, அப்படியானால் உங்களுடையது பலமுறை அடித்துக் காற்றை ஏற்றும் வகை. பெஞ்சமின், ஷெரிடன், கிராஸ்மன் ஆகிய மூன்று நிறுவனங்களில் ஒன்றினுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என்னுடையது ஷெரிடன் புளூ ஸ்ட்ரீக். கூட வேலை பார்த்த மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றபோது, "உன்னைப் போல் எதையாவது பிரித்துக்கொண்டே இருப்பவனுக்குத்தான் இது" என்று கொடுத்துவிட்டுப் போனார். விலை என்ன பெறும் என்று அறிய ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் துப்பாக்கியைக் கையில்கூடச் சரியாக வாங்கவில்லை. "வரிசை எண் இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எண் இல்லாமல் துப்பாக்கியே கிடையாது. அதனால் இது ஐம்பதுகளைச் சேர்ந்தது. காற்றை அடைக்கும் சீல் எல்லாம் போயிருக்கும், இனி ஓடாது. வேண்டுமானால் உதிரிபாக விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். எண் இல்லாததும் சீல் போனதும் உண்மை; மற்ற அத்தனையும் ஒரே மூச்சில் தப்பு.

அந்த 1968ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வெடிமருந்தால் சுடும் துப்பாக்கிகளுக்கானது. காற்றுத் துப்பாக்கி அதற்குள் வராது. ஷெரிடன் நிறுவனம் 1972இல்தான் எண் போடத் தொடங்கியது. ஆகவே எண் இல்லை என்றால் 1972க்கு முந்தையது, அவ்வளவுதான் பொருள். அடுத்து சேஃப்டியை, அதாவது தவறுதலாகச் சுட்டுவிடாமல் தடுக்கும் பூட்டைப் பார்க்க வேண்டும். பழைய புளூ ஸ்ட்ரீக்கில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சுட வேண்டிய சேஃப்டி இருக்கும். விரலை எடுத்தால் தானாகவே பூட்டிக்கொள்ளும். இரு பக்கமும் சாய்ந்தாடும் சேஃப்டி 1964 முதல் வந்தது. என்னுடையதில் சாய்ந்தாடும் வகை. ஆக 1964க்கும் 1971க்கும் இடைப்பட்டது. மீதமிருந்த பழைய பாகங்களையும் தொழிற்சாலைகள் போட்டு முடிப்பது வழக்கம் என்பதால் இரு முனையிலும் ஓராண்டு கூடக்குறைய விட்டுக் கணக்கிடுங்கள் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் ஐம்பதுகள் இல்லை. கவுண்டரிலேயே இதைச் சொன்னேன். "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வைத்துக்கொண்டேன்.

வயது கணிப்பதில் பலரும் ஒற்றை ஆண்டைத் தேடுகிறார்கள். கிடைப்பது ஒரு கால இடைவெளிதான். ஒவ்வொரு அடையாளமும் அதைக் கொஞ்சம் சுருக்கும். பெஞ்சமினில் செயின்ட் லூயிஸ் என்ற ஊர்ப்பெயர் இருந்தால் பழைய காலம். அந்த நிறுவனம் 1977இல் ஷெரிடனை வாங்கி, எண்பதுகளில் தானும் ஷெரிடன் இருந்த விஸ்கான்சின் மாநிலத்து ரேசினுக்கே குடிபெயர்ந்தது. 1992இல் இரண்டையும் கிராஸ்மன் வாங்கியது. காப்புரிமை எண் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911இல், இருபது லட்சத்தை 1935இல், முப்பது லட்சத்தை 1961இல். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட எண் இருக்கும் துப்பாக்கி 1935க்கு முன் வந்திருக்க முடியாது. எவ்வளவு பிற்பாடு வந்தது என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் பொறித்துக்கொண்டிருப்பார்கள். அட்டைப்பெட்டியோ கையேடோ கிடைத்தால் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். அது 1963இல் அறிமுகமானது. பெட்டி ஒன்றும் துப்பாக்கி வேறொன்றுமாக இருப்பதும் உண்டு, அதை மட்டுமே நம்பிவிட வேண்டாம்.

இந்த எழுத்துகளெல்லாம் மெல்லியதாகப் பொறிக்கப்பட்டவை. என் மனைவியின் அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, உள்ளே முழுக்கப் பித்தளை. கறுப்பைச் சுரண்டிவிட்டு பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் தங்கமாட்டம் மின்னும்" என்று கையில் எடுத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். அவருக்கு இன்றுவரை வருத்தம். பாலிஷ் சக்கரம் பூச்சை மட்டும் எடுக்காது. ஊர்ப்பெயரையும் எண்ணையும் சேர்த்து வழித்துவிடும். இன்னொன்று, ஷெரிடன், பெஞ்சமின் குழல்கள் பம்ப் குழாயோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டவை. வண்ணத்தை எடுக்க வெப்பம் காட்டினால் பற்று இளகிப் பிரிந்துவிடும். மீண்டும் நேராக ஒட்டுவது நம்மால் ஆகிற காரியமில்லை. தேய்ந்து பித்தளை எட்டிப்பார்த்தால் பார்க்கட்டும், விடுங்கள்.

இனிப் பழுது. முதலில் குழலில் பழைய குண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு சும்மா கிடந்தாலும் இருக்கலாம். முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எதையும் தொடங்க வேண்டும்.

பிறகு, குண்டு போடும் வாயை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, வால்வைத் தட்டித் திறக்கும் உள் சுத்தியலைப் பின்னாலேயே நிறுத்திவிட்டு, சேஃப்டியைப் போட்டு, அதன்பின் பம்ப் செய்து பாருங்கள். இதைச் செய்யாமலேயே "காற்று நிற்கவில்லை" என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். உள்ளே காற்று இல்லாதபோது, நிறுத்தப்படாத சுத்தியல் வால்வின் தண்டை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். அடிக்கிற காற்றெல்லாம் அந்த இடுக்கு வழியே போய்விடும். உங்கள் துப்பாக்கிக்கு இதுதான் கோளாறென்றால் வேலை இங்கேயே முடிந்தது.

அப்படியும் நிற்கவில்லையா? காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குழல் பக்கம் சீறல் கேட்டால் கோளாறு வெளியேற்றும் வால்வில். கேட்க வேண்டும் என்று முனையில் முகத்தை வைத்துவிடாதீர்கள், பின்பக்கம் நின்றே கேட்கும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் முன்பிடி தானாகத் திறந்து எழும்பினால், உள்ளே போன காற்று திரும்பி வருகிறது, கோளாறு உள்வாங்கும் வால்வில். இரண்டும் இல்லாமல் பம்ப் வெறுமையாக, எதிர்ப்பே இல்லாமல் ஓடினால், காற்றைத் தள்ளும் தண்டின் நுனியில் இருக்கும் கிண்ண வடிவச் சீலான பம்ப் கப் காய்ந்துவிட்டது. மிகப் பழைய பெஞ்சமினில் அது தோல். தோலை மிருதுவாக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஊறவைத்தால் பல சமயம் உயிர் பிடிக்கும். பிற்காலத்தவற்றில் ரப்பர், கெட்டியானால் மாற்றுவதுதான் வழி. என்னுடையதில் பம்ப் கப் கல்லாகிப் போயிருந்தது, உள்வாங்கும் வால்வும் ஒழுகியது. பம்ப் கையின் பின்னைச் சரியான தடிமனுள்ள கம்பியால், அடியில் மரக்கட்டை கொடுத்துத் தட்டி எடுத்தேன். வால்வைப் பிடித்திருக்கும் திருகு வளையம் குழாயின் ஆழத்தில் இருக்கும். அதற்கு இரண்டு பல் வைத்த நீளக் குழாய்ச்சாவி வேண்டும். ஒரு இரும்புக் குழாயின் நுனியை அராவி நானே செய்துகொண்டேன். குறடு, திருப்புளியால் நெம்பினால் பித்தளை கிழியும். உள்ளே துளி காற்று இருக்கும்போதும் வளையத்தைத் தொடக்கூடாது. சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

எந்தப் பாகம் எந்த வரிசையில் போகும் என்று நான் தடுமாறவில்லை. துப்பாக்கியோடு வந்த கையேட்டில் ஒவ்வொரு திருகையும் தனியே பிரித்து வரைந்து எண் போட்டிருந்தார்கள். இதைச் சொல்லும்போது என் வீட்டுச் சலவை இயந்திரம் நினைவுக்கு வந்து வயிற்றெரிச்சல் கிளம்புகிறது. வாங்கிக் கொஞ்ச காலம்தான். மூடியின் பூட்டு வேலை செய்யவில்லை. கையேடு என்று ஒரு தாள், அதில் ஒரு சதுரக் குறியீடு. அதைப் போனில் காட்டினால் "சேவை மையத்தை அணுகவும்". வந்தவர் திறந்துகூடப் பார்க்காமல் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும் என்றார். கைவிரல் அளவு பூட்டுக்கு! திருகைக் கண்ணில் காட்டாத பொருளை விற்பவர்களிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததால் விடுகிறேன்.

புதிய சீல் போட்ட பிறகு, துருவை இளக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள், சீலைக் கெடுத்துவிடும். டிடர்ஜென்ட் கலக்காத 30 எண் மோட்டார் எண்ணெய் ஓரிரு சொட்டுப் போதும். பம்ப் கப்புக்குப் பின்னால் கம்பளி வளையம் இருந்தால் அதில் விடுங்கள். ஷெரிடன் என்றால் ஒரு குண்டுக்கு 3 முதல் 8 முறை பம்ப் அடிக்கலாம். அதற்கு மேல் ஏற்றினால் சுத்தியலால் வால்வைத் திறக்க முடியாமல் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வேகம் கூடாது. குண்டு 5 மில்லிமீட்டர், 4.5 போட்டால் உள்ளே ஆடும், 5.5 நுழையவே நுழையாது. தோல் சீலை ரப்பராக மாற்றுவது பாவம் என்று வாதிடும் தூய்மைவாதிகள் வருவார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கென்றால் அவர்கள் சொல்வது சரி. சுடுவதற்கென்றால் நான் சொல்வது சரி. காற்றுத் துப்பாக்கிக்கான விதி இடத்துக்கு இடம் வேறு, நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குழலின் மேலுள்ள எழுத்துகளை அப்படியே எழுதி அனுப்புங்கள். சேஃப்டி எந்த வகை, காந்தம் குழாயில் ஒட்டுகிறதா (பித்தளையில் ஒட்டாது), சீறல் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதினால் எந்த சீல் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.